நாற்கொம்பு மானா, கேளையாடா?

கூடலூரிலிருந்து மைசூர் சாலையில் தொரப்பள்ளியைத் தாண்டியதும் முதுமலைக் காடு தொடங்கிவிடுகிறது. அந்த வழியில் போய்வருகிறவர்களுக்குப் புள்ளிமான் கூட்டம் அலுத்துப்போன காட்சி. சிறிய பழுப்பு நிற உருவம் ஒன்று தனியாகச் சாலையைக் கடந்து உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்தால்தான் பஸ்ஸுக்குள் வழக்கு ஆரம்பமாகும். ஆட்டின் உயரம், உடலில் புள்ளி இல்லை. கேளையாடு என்பார் ஒருவர், நாற்கொம்பு மான் என்று அடித்துச் சொல்வார் இன்னொருவர். எல்லை தாண்டிக் கேரளத்தின் முத்தங்கா காட்டுக்குப் போனாலும் இதே வழக்குதான்.

உருவத்தில் இவ்வளவு நெருங்கியவை உறவில் வெகு தூரம். கேளையாடு மான் குடும்பம். நாற்கொம்பு மானோ மாடும் ஆடும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த இரலை. வடக்கே வயல்களில் மேயும் நீல்காய்தான் அதற்கு நெருங்கிய சொந்தம். கேளையாட்டின் கொம்பு முழுக்க எலும்பு. அது உதிரும், மென்தோல் போர்த்தபடி மறுபடி முளைக்கும். இரலையின் கொம்பில் நடுவே எலும்பு, மேலே நம் நகத்திலுள்ள அதே கெரட்டினாலான உறை. அது கிளைவிடாது, ஆயுளுக்கும் உதிராது.

இவ்வளவு தெளிவான வேறுபாடு காட்டில் பெரும்பாலும் உதவுவதில்லை. நாற்கொம்பு மானில் பெண்ணுக்குக் கொம்பே கிடையாது. ஆணுக்கும் முன்ஜோடி ஓரிரு அங்குலம்தான். தென்னிந்தியாவில் அது வெறும் புடைப்பாக நின்றுவிடுவதும், முளைக்காமலே போவதும் உண்டு. நான்கு கொம்பையும் எண்ணிய பிறகே நம்புவேன் என்பவர் பாதி விலங்குகளைக் கோட்டைவிடுவார்.

காலைப் பாருங்கள். நாற்கொம்பு மானின் கால்களில், முன்பக்கமாக மேலிருந்து கீழே ஒரு கரும்பட்டை ஓடும். முன்னங்கால்களில் அது இன்னும் அழுத்தமாகத் தெரியும். நடையும் தனி: ஒவ்வொரு காலையும் உயர்த்தி, நெருஞ்சி முள்ளுக்கு அஞ்சுகிறவர்போல நிதானித்து ஊன்றும். கேளையாடு முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்திப் புதருக்கடியில் நுழைகிற விலங்கு. அதன் நிறத்திலும் செம்மை கூடுதல். மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கினால் அடிப்புறத்து வெள்ளை பளிச்சென்று தெரியும்.

அடுத்தது இடம். என் பார்வையில் அனுபவசாலிகள் பாதி முடிவை இதை வைத்தே எடுத்துவிடுகிறார்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். முதுமலைக்குக் கிழக்கே உள்ள மசினகுடியோ மழைமறைவுப் பகுதி. புல் மண்டிய வறண்ட இலையுதிர் காடும் பக்கத்திலே தண்ணீரும் நாற்கொம்பு மானுக்கு வேண்டும். ஈரமான அடர்காடும் சோலையோரமும் கேளையாட்டுக்குப் பிடிக்கும். ஆனால் முதுமலையின் நடுப்பகுதியில் இரண்டுமே உண்டு. ஆகவே இது ஊகத்துக்கு உதவுமே தவிர, தீர்ப்பாகாது.

குரல் கேட்டால் அதிர்ஷ்டம். நாய் குரைப்பதுபோல விடாமல் நெடுநேரம் கத்துவது கேளையாடு. அதைக் கேட்டால் புலியோ சிறுத்தையோ அருகில் இருக்கலாம் என்று வேட்டைத்தடுப்புக் காவலர்கள் உஷாராகிவிடுவார்கள்.

கடினமான வழக்கு கொம்பில்லாத பெண் விலங்கு, அதுவும் கால் தெரியாதபடி புல்லில் நிற்கும்போது. அப்போது நெற்றிதான் கதி. பெண் கேளையாட்டுக்குக் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் சிறு மேடும் மயிர்க்கொத்தும் இருக்கும். அங்கிருந்து மூக்கை நோக்கி இரண்டு கருங்கோடுகள் இறங்கிக் குவியும். நாற்கொம்பு மானின் பெண்ணுக்கு இந்தக் கோடுகள் இல்லை. நெற்றி வெறுமையாக இருக்கும், காதுகள் அகலமாகத் தெரியும்.

விலங்கே கண்ணில் படாதபோது புழுக்கை பேசும். நாற்கொம்பு மான் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து கழிப்பதால், பழையதும் புதியதும் கலந்து குவியலாகக் கிடக்கும். ஆய்வாளர்கள் இந்தக் குவியல்களைத் தேடித்தான் அது வாழுமிடங்களைக் கணக்கிடுகிறார்கள். ஐயம் தீராவிட்டால் புழுக்கையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் குடல் செல்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, எந்த விலங்கு என்று ஆய்வகத்திலேயே உறுதிசெய்துவிட முடியும்.