போனை அணைக்காதீர்கள், அக்கா

போன வாரமும் அந்தச் செய்தி போனில் வந்துவிட்டது. இன்றிரவு 12:30 முதல் 3:30 வரை பூமியைக் காந்த அலை தாக்கும், கைப்பேசியை அணைத்து வையுங்கள், சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் சொன்னார்களாம். சிங்கப்பூரிலேயே இருக்கும் நமக்கு! பல வருடமாகச் சுற்றும் புரளி, நேரம்கூட மாறவில்லை. எங்கள் புளோக்கில் ஓர் அக்கா அதை நம்பிப் போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். இரவு வேலையில் இருந்த மகள் அழைத்து அழைத்துப் பயந்துபோய், இரண்டு மணிக்கு என்னை எழுப்பி அம்மா வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னாள்.

நான் நில அளவைக்காரன். செயற்கைக்கோள் சிக்னலை நம்பிப் பிழைப்பவன், அதனால் விண்வெளி வானிலையையும், அதாவது சூரியனால் விண்வெளியில் எழும் மாற்றங்களையும், பார்த்தாக வேண்டும்.

காந்த அலை உண்மையில் உண்டு. 1942-ல் சுவீடனின் இயற்பியலாளர் ஹன்னஸ் ஆல்வேன் கணித்தது, 1970-ல் அவருக்கு நோபலும் கிடைத்தது. பிளாஸ்மாவில், ரத்த தானப் பிளாஸ்மா இல்லை, மின்னேற்றம் பெற்ற வாயுவில், காந்தப்புலக் கோடு வீணைத் தந்திபோல விறைத்து நிற்கும். சுண்டினால் அதிர்வு ஓடும். சூரியனிலிருந்து வீசும் பிளாஸ்மாவான சூரியக் காற்றில் இது ஏராளம்.

சரி, தந்தி இல்லாமல் நாதம் ஏது? நாம் சுவாசிக்கும் காற்று பிளாஸ்மா இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், மின்னேற்றம் பெற்ற மேல் வளிமண்டல அடுக்கான அயனமண்டலத்தின் அடியோடு அந்த ஓட்டம் முடிகிறது. தரையில் மிஞ்சுவது வழக்கமாகச் சில நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் சிறிய அலகு) நடுக்கம். இங்கே புவிக்காந்தமே 40,000 நானோடெஸ்லாவுக்கு மேல். உங்கள் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் மெர்லயன் காந்தத்தைத் தொட்டால் லட்சக்கணக்கில். போன் ஒலிபெருக்கிக்குள்ளும் ஒரு காந்தம் இருக்கிறது. போனை அணைத்தால் அதுவும் அணைந்துவிடுமா?

சூரியப் புயலால் சேதமே இல்லை என்று சொல்லவில்லை. 1989 மார்ச்சில் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் மின்சாரம் இல்லை. அடிபட்டது மின் கட்டமைப்பு, யாருடைய சட்டைப்பையும் இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்கு வேறு தொல்லை: சூரியன் மறைந்ததும் அயனமண்டலத்தில் பிளாஸ்மாக் குமிழிகள் எழும், மார்ச், செப்டம்பரை ஒட்டி அதிகம். அப்போது செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ரிசீவர், ஃபிக்ஸ், அதாவது துல்லியமான இருப்பிடம், கிடைக்காமல் திணறும். அளவைத் தம்பிகளே, இரவு எட்டு மணிக்கு ஒரே தடவை கிடைத்த புள்ளியை வைத்து எல்லைக் குறி போடாதீர்கள். காலையில் மறுபடி எடுங்கள்.

மற்றவர்கள் அந்தச் செய்தியை அனுப்பாமல் அழியுங்கள். அலை தடுக்கும் ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். அக்கா, ராத்திரியில் சத்தம் தொல்லை என்றால் மகள் அழைத்தால் மட்டும் மணி அடிக்கும்படி செய்து தருகிறேன். சனிக்கிழமை போனை எடுத்துக்கொண்டு வாருங்கள்.