படிக்கல்லும் கோபுரமும் ஒரே படத்தில் தெளிவது எப்படி?

செட்டிநாடு பெரும்பாலும் சமதளம். குன்றக்குடி, திருமயம் போன்ற தனிக்குன்றுகளை விட்டால், நிலக்காட்சி எடுப்பவருக்கு ஆழத்தைக் காட்டித் தருபவை ஊருணிகளும் கண்மாய்களும் அவற்றின் மறுகரையில் எழும் கோபுரங்களும்தாம். எனவே இங்கே ஒரு படம் தட்டையாகிவிடாமல் இருப்பது, காலடியில் உள்ளதையும் தொலைவில் உள்ளதையும் எவ்வாறு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. காட்சியமைப்பைக் கலை என்றும் ஃபோகஸை நுட்பம் என்றும் பிரித்துக் கற்பிப்பதுதான் வழக்கம். அந்தப் பிரிவினையே பல நல்ல படங்களைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில், கேமராவுக்கும் அதற்கு மிக அருகிலுள்ள பொருளுக்கும் இடைப்பட்ட தொலைவுதான் இரண்டையுமே தீர்மானிக்கிறது.

லென்ஸ் சென்சாரில் வீழ்த்தும் பிம்பத்தின் அளவு, பொருளின் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 36-க்கு 24 மி.மீ. சென்சார் உள்ள கேமராவில் 24 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸைப் பொருத்தி, ஊருணியின் செம்புறாங்கல் படித்துறையில் நிற்பதாகக் கொள்வோம். 100 மீட்டருக்கு அப்பால் 25 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால் அதன் பிம்பம் 6 மி.மீ., அதாவது படத்தின் உயரத்தில் கால் பங்கு. கேமராவிலிருந்து 90 செ.மீ. தொலைவில் கிடக்கும் 30 செ.மீ. நீளப் படிக்கல்லோ 8 மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது கேமராவை இன்னுமொரு 90 செ.மீ. பின்னுக்கு நகர்த்தினால் கல் 4 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும், கோபுரம் ஏறக்குறைய அதே 6 மி.மீ. அளவில் நிற்கும். இரண்டு முழம் நகர்ந்ததில் படத்தின் தலைமையே கைமாறிவிடுகிறது. ஜூமைத் திருகி இதைச் சாதிக்க முடியாது, ஏனெனில் அப்போது கல்லும் கோபுரமும் ஒரே விகிதத்தில்தான் பெருகும்.

மங்கலுக்கும் இதே தலைகீழ்க் கணக்குதான். ஃபோகஸ் ஆன தொலைவில் இல்லாத ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் ஒரு சிறு வட்டமாக விரிகிறது. அந்த வட்டத்தின் விட்டம், ஃபோகஸ் தொலைவின் தலைகீழ் எண்ணுக்கும் பொருளின் தொலைவின் தலைகீழ் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டோடு சேர்ந்து வளர்கிறது. 0.9 மீட்டரின் தலைகீழ் (1-ஐ 0.9-ஆல் வகுத்தது) ஏறக்குறைய 1.1, கோபுரத்தின் 100 மீட்டருக்கு அது 0.01, அதாவது கிட்டத்தட்டச் சுழி. இரண்டுக்கும் நடுவே உள்ள 0.55-க்கு உரிய தொலைவு 1.8 மீட்டர். ஆக, கல்லும் கோபுரமும் சம அளவில் தெளிய வேண்டுமானால், மிக அருகிலுள்ள பொருளின் தொலைவைப்போல் இரு மடங்கில் ஃபோகஸ் செய்ய வேண்டும். காட்சியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஃபோகஸ் செய்யச் சொல்லும் பரவலான அறிவுரையை இந்தக் கணக்கு ஆதரிக்கவில்லை. 33 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், அது கோபுரத்திலேயே ஃபோகஸ் செய்ததற்கு ஒப்பாகி, கல்லின் மங்கல் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

1.8 மீட்டரில் ஃபோகஸ் செய்து, லென்ஸின் துளையை எஃப்/11-இல், அதாவது குவியத் தொலைவில் பதினொன்றில் ஒரு பங்கு விட்டத்தில், வைத்தால் மங்கல் வட்டம் ஏறத்தாழ 0.03 மி.மீ. இருக்கும். எஃப்/4-இல் அது 0.08 மி.மீ. ஆகிவிடும். 0.03 மி.மீ. என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட வரம்பு: படத்தை 25 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் அது ஏழு மடங்கு பெருகி 0.2 மி.மீ. ஆகும், கையில் பிடித்துப் பார்க்கும் கண் அதற்கும் நுண்ணிய வேறுபாட்டை எளிதில் பிரித்தறியாது. ஆனால் 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. மட்டுமே என்பதால், அதே மங்கல் ஐந்து பிக்சல்களை மூடிவிடுகிறது. பெரிதாக அச்சிடுபவர் இதைப் புறக்கணிக்க முடியாது.

அத்தகையவர் ஃபோகஸை 3 மீட்டருக்குத் தள்ளலாம் என்பேன். அப்போது கல்லின் மங்கல் 0.04 மி.மீ. ஆகக் கூடி, கோபுரத்தின் மங்கல் 0.017 மி.மீ. ஆகக் குறையும். செம்புறாங்கல் இயல்பாகவே சொரசொரப்பானது. அதிலுள்ள 3 மி.மீ. குழி சென்சாரில் 0.08 மி.மீ. ஆக விழுவதால் அந்த மங்கலைத் தாங்கிக்கொள்ளும். கோபுரத்துச் சுதைப் பதுமையின் 10 செ.மீ. தடிமனுள்ள கையோ 0.024 மி.மீ. மட்டுமே. நுணுக்கம் எங்கே சிறிதோ, அங்கேதான் தெளிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

துளையை எஃப்/22 வரை சுருக்கிவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒளி ஓர் அலையாதலால், சிறு துளையைக் கடக்கும்போது விளிம்பு விளைவினால் பரவுகிறது. எஃப்/22-இல் பச்சை ஒளியின் ஒரு புள்ளி, மிகச் சரியாக ஃபோகஸ் ஆகியிருந்தாலும், 0.03 மி.மீ. வட்டமாகவே விழும். அருகில் பெற்ற தெளிவைப் படம் முழுவதிலும் இழப்பதே மிச்சம்.

ஊருணியில் தெரியும் பிம்பத்திலும் கவனம் தேவை. நீரில் தெரியும் கோபுரம் நீர்ப்பரப்பின் தொலைவில் இல்லை. உண்மையான கோபுரம் உள்ள அதே தொலைவில்தான் ஒளியியல்படி அது இருக்கிறது. அருகில் மிதக்கும் அல்லி இலையை ஆட்டோஃபோகஸ் பற்றிக்கொண்டால் இலை தெளியும், அதன் பக்கத்திலேயே தெரியும் கோபுரம் மங்கும். மேலும், அந்தப் பிம்பம் நீர்ப்பரப்பிலிருந்து கேமரா உள்ள உயரத்துக்குச் சமமான ஆழத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் கிடைக்கும் காட்சியாகும். எனவே மறுகரை மதில், நிமிர்ந்த கோபுரத்தைவிட நீர்க் கோபுரத்தைச் சற்றுக் கூடுதலாக மறைக்கும். இரண்டும் ஒத்திருக்க வேண்டுமென்று கேமராவைத் தாழ்த்தினால் படிக்கல் நெருங்கிவிடுகிறது. கல் 45 செ.மீ. தொலைவுக்கு வந்தால், எஃப்/11-இல் அதன் இரு மடங்கான 90 செ.மீ.-இல் ஃபோகஸ் செய்தாலும் மங்கல் 0.06 மி.மீ. ஆகிறது. இந்நிலையில் முக்காலியை அசைக்காமல் கல்லுக்கு ஒன்றும் கோபுரத்துக்கு ஒன்றுமாக இரு படங்கள் எடுத்துக் கணினியில் இணைப்பதே சரியான வழி. இணைக்கும்போது நீர்ப்பரப்பை ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சிற்றலைகள் நொடிக்கு நொடி மாறுவதால், இரு படங்களின் நீரைக் கலந்தால் நீர்க் கோபுரத்தின் விளிம்புகள் இரட்டை இரட்டையாகத் தெரியும்.