தவறான உயரம், சரியான திசை

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிடம் ரேடார் இருந்தும், வயல்வெளியில் தொலைநோக்கியோடு நின்று விமானம் பார்க்கும் தன்னார்வலர்கள் எதற்காகத் தேவைப்பட்டார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரேடார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதில் விடை இருக்கிறது. 1940இல் கடற்கரையோரம் நின்ற ‘செயின் ஹோம்’ நிலையங்கள் தம் வானொலி அலைகளைக் கடலை நோக்கியே அனுப்பின; குண்டுவீச்சு விமானம் கரையைத் தாண்டி உள்ளே நுழைந்த பிறகு அதைப் பின்தொடர அவற்றால் இயலவில்லை. அதற்கு மேல் எல்லாம் ‘அப்சர்வர் கோர்’ என்னும் கண்காணிப்புப் படையின் பொறுப்பு.

முதல் உலகப் போரில் லண்டனின் வான்காப்பை நடத்திய தளபதி ஆஷ்மோர் 1924இல் கென்ட் பகுதியில் சில சாவடிகளை அமைத்துச் சோதித்தார். அதன் தொடர்ச்சியாக 1925இல் இப்படை உருவானது. 1940இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகளில் ஏறக்குறைய 30,000 பேர் பணியாற்றினார்கள். பெரும்பாலோர் தம் சொந்தத் தொழிலுக்கு இடையே முறைவைத்து வந்தவர்கள்.

அவர்களுடைய முதன்மைக் கருவியில் மின்சாரமே இல்லை. ஒரு வட்டமான வரைபட மேசை, அதன் மேல் சுழலும் ஒரு குறிபார்க்கும் சட்டம், அச்சட்டத்தோடு பிணைக்கப்பட்டு வரைபடத்தின் மேல் நகரும் ஒரு முள், அவ்வளவுதான். விமானத்தின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு முதலில் கருவியில் வைத்துக்கொண்டு, பிறகு சட்டத்தின் வழியே விமானத்தைப் பார்த்தால், அது எந்த இடத்துக்கு மேலே பறக்கிறதோ அந்தக் கட்டத்தை முள் காட்டும். பள்ளியில் படித்த ஏற்றக்கோணமும் வடிவொத்த முக்கோணங்களும் இங்கே இரும்பில் வார்க்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது எளிதில் பிழைபடும். உண்மையில் 4,000 மீட்டரில் பறக்கும் விமானத்தை 3,000 மீட்டர் என்று ஒருவர் கருதினால், ஏற்றக்கோணம் 45 பாகையாக இருக்கும்போது முள் 1 கிலோமீட்டர் தவறிப்போகும். விமானம் அடிவானத்துக்கு அருகில், 15 பாகையில் தெரிந்தால், அதே தவறு ஏறக்குறைய 3.7 கிலோமீட்டராக வளர்ந்துவிடும்.

நான் மிகவும் வியக்கும் பகுதி இதற்கு அடுத்ததுதான். உயரத்தில் நேரும் பிழை தூரத்தை மட்டுமே கெடுக்கிறது, திசையைத் தொடுவதில்லை. விமானம் வடகிழக்கில் இருந்தால், உயரத்தை எவ்வளவு தவறாகச் சொன்னாலும் முள் வடகிழக்குக் கோட்டின் மேலேயேதான் முன்னும் பின்னும் நகரும். ஆகவே அடுத்த சாவடியில் இருப்பவரும் அதே விமானத்தை அதே நேரத்தில் பார்த்துவிட்டால், இருவருடைய திசைக்கோடுகளும் வெட்டும் புள்ளி உயரத்தைப் பற்றிய எந்த ஊகமும் கலவாத உண்மையான இடமாகிவிடுகிறது. இதற்காகவே அண்டைச் சாவடிகள் இரண்டு மூன்றை ஒரே தொலைபேசி இணைப்பில் கோத்திருந்தார்கள்; ஒருவர் சொல்லும் கட்ட எண் மற்றவர் காதிலும் விழும்.

இடம் தெரிந்துவிட்டால் உயரம் தானாகவே வந்து சேரும். முள் காட்டிய தூரம் 3 கிலோமீட்டர், வெட்டுப்புள்ளி இருப்பது 4 கிலோமீட்டரில் என்றால், முதலில் ஊகித்த உயரத்தையும் அதே விகிதத்தில் பெருக்கிவிடலாம்: 3,000 மீட்டர் 4,000 ஆகிறது. மிக்கிள்த்வெயிட் என்பவர் வடிவமைத்த உயரத் திருத்தி இந்தக் கணக்கைக் கருவியின் மேலேயே செய்து கொடுத்தது. இருவருமே தவறாக ஊகித்திருந்தாலும், அவ்விரு தவறுகளின் முரண்பாட்டிலிருந்து சரியான விடையைக் கறந்துவிடும் இந்த உத்திக்கு ஈடாக நான் அதிகம் கண்டதில்லை. இப்படி ஒன்றை இன்று ஒரு நிதிக்குழுவின் முன் வைத்தால், உள்ளே மின்னணுச் சில்லு இல்லை என்ற காரணத்துக்காகவே ஒதுக்கிவிடுவார்களோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

இரவிலும் மேகமூட்டத்திலும் காதை நம்பவேண்டியிருந்தது. 5 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒலி வந்து சேர ஏறத்தாழ 15 நொடிகள் ஆகும். மணிக்கு 360 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் அதற்குள் 1.5 கிலோமீட்டர் கடந்திருக்கும். ஆகவே செவிவழிச் செய்தி தோராயமான பகுதியை மட்டுமே தந்தது.

1945இல் கலைக்கப்பட்டு 1947இல் மீண்டும் அமைக்கப்பட்ட படைக்கு, 1950களில் அணுகுண்டு வெடிப்புகளைக் கண்டறியும் வேலை தரப்பட்டது. நிலத்தடிச் சாவடிகளின் மேலே, நான்கு திசைகளிலும் ஊசித்துளை கொண்ட உருளை ஒன்றை வைத்தார்கள். வெடிப்பின் ஒளி துளை வழியே உள்ளிருக்கும் ஒளிப்படத் தாளில் ஒரு புள்ளியைப் பதிக்கும். அப்புள்ளி இருக்கும் இடம் திசையையும் ஏற்றக்கோணத்தையும் சேர்த்தே சொல்லிவிடும். பல சாவடிகளின் திசைக்கோடுகளை வெட்டவிட்டு இடத்தையும், அதிலிருந்து உயரத்தையும் கணக்கிடுவது பழைய முறையேதான். தீக்கோளம் தரையைத் தொட்டிருந்தால் கதிரியக்கத் தூசி மிகுதியாக விழும் என்பதால், இம்முறை அந்த உயரத்தை வைத்துத்தான் எந்தெந்த ஊர்களை எச்சரிப்பது என்று முடிவு செய்யவேண்டியிருந்தது.