கிறிஸ்துமஸ் பாட்டு எப்போது சலிக்கிறது?

பிரிட்டனில் டிசம்பர் பிறந்தால் ஒரு விளையாட்டும் தொடங்கிவிடும். பெயர் வாமகெடன். 'வாம்' இசைக்குழு 1984இல் வெளியிட்ட 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பாட்டு 24ஆம் தேதி முடியும்வரை காதில் விழாமல் தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு யாராவது பாடியதென்றால் பரவாயில்லை. அசல் பாட்டைக் கேட்டுவிட்டால் அவுட். 2023 டிசம்பரில் நார்தாம்ப்டன் கால்பந்து மைதானத்தில் ஒரு டிஜே அந்தப் பாட்டைப் போட்டு, அங்கிருந்த சுமார் 7,000 பேரை ஒரேயடியாக ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார். அப்புறம் மன்னிப்பும் கேட்டார். அதே மாதம் அதே பாட்டு, வெளியாகி 39 ஆண்டுகள் கழித்து, முதல் முறையாக பிரிட்டனின் கிறிஸ்துமஸ் வாரத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்களும் தேடிப்போய்க் கேட்கிறவர்களும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் ரசனையைவிட வேறு இரண்டு விஷயங்களுக்கு இதில் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்: எத்தனை முறை கேட்டோம், நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருந்தது.

முதலில் எண்ணிக்கை. 1968இல் மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ், சீனம் தெரியாதவர்களுக்குச் சீன எழுத்துகளைப் போன்ற குறிகளைக் காட்டினார். சில குறிகள் ஓரிரு முறை, சில 25 முறை. பிறகு, இவற்றின் பொருள் எவ்வளவு நல்லதாக இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னார். அதிகம் கண்ணில் பட்ட குறிகளுக்கே நல்ல பொருள் இருக்கும் என்றார்கள். அடிக்கடி பார்த்தது, கேட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்று நமக்குப் பிடித்துப்போகும் என்பதற்கு இன்றும் காட்டப்படும் ஆய்வு அது.

அப்படியானால் கிறிஸ்துமஸ் பாட்டு வருடத்துக்கு வருடம் இனித்துக்கொண்டே போக வேண்டுமே? போகாது. டொராண்டோவில் பணியாற்றிய டேனியல் பெர்லைன் 1971இல் விளக்கிய வரைகோடு ஒரு குன்றைப் போல இருக்கும். பழகப் பழகப் பிடித்தம் ஏறும், உச்சி தொடும், பிறகு இறங்கும். 2004இல் கனடாவில் நடந்த இன்னோர் ஆய்வு இதற்கு ஒரு சுவையான திருத்தம் தந்தது. இசையைக் கவனித்துக் கேட்டவர்களுக்குப் பிடித்தம் ஏறி இறங்கியது. வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னணியில் அதே இசை ஒலித்தவர்களுக்கு ஏறிக்கொண்டேதான் இருந்தது. கவனிக்காமல் கேட்டால் சலிப்பு தள்ளிப்போகிறது.

சிக்கல் என்னவென்றால், கிறிஸ்துமஸ் பாட்டைக் கவனிக்காமல் இருப்பது எளிதல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்சல், பிரபலமான பாட்டுகளிலிருந்து 0.4 நொடித் துணுக்குகளை மட்டும் போட்டுக் காட்டினார். கால்வாசிக்கும் மேற்பட்ட தடவைகளில் பாட்டின் பெயரையும் பாடியவரையும் கேட்டவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுகளிலோ பனிச்சறுக்கு வண்டி மணியின் கிலுகிலு ஒன்றே போதும், இது எந்த வகை என்று காட்டிக்கொடுக்க. கவனம் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.

போதாக்குறைக்கு, கையிருப்பும் குறைவு. 1942இல் பிங் கிராஸ்பி பாடிய 'வைட் கிறிஸ்துமஸ்' இன்னும் சுற்றில் இருக்கிறது. மரையா கேரி 1994இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்ததே 2019இல்தான். புதுப் பாட்டு உள்ளே நுழைவது அபூர்வம். ஆக, ஒரே சில டஜன் பாட்டுகள் திரும்பத் திரும்ப.

நடுவில் பத்துப் பதினோரு மாத இடைவெளி இருக்கிறதே என்று கேட்கலாம். இங்கேதான் பழக்கப்படுதல் என்ற அடிப்படையான நரம்பியல் விதி வருகிறது. ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் எதிர்வினை மங்கும். தூண்டலை நிறுத்திவைத்தால் மீளும். ஆனால் மறுபடி தொடங்கினால் முன்பைவிடச் சீக்கிரம் மங்கும். ஆய்வாளர்கள் ரிச்சர்ட் தாம்ப்சனும் ஆல்டன் ஸ்பென்சரும் 1966இல் இதைப் பூனைக் காலின் அனிச்சைச் செயல்களில் காட்டினார்கள். பூனையின் காலிலிருந்து நேராக மரையா கேரிக்குத் தாவுவது என் துணிச்சல்தான். ஆனாலும், டிசம்பர் முதல் வாரத்தில் "அடடா, வந்தாச்சா!" என்று சிரித்தவர் பத்தாம் தேதியே முகம் சுளிப்பதை இது நன்றாக விளக்குகிறது.

பிடித்தவர்களின் பக்கமும் வலுவானது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஜனாட்டா 2009இல், இளம் வயதில் கேட்டிருக்கக்கூடிய பாட்டுகளை மாணவர்களுக்குப் போட்டு அவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார். பாட்டு சொந்த நினைவைக் கிளறும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள நடு முன்மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. வருடத்தில் ஒரு பருவத்தில் மட்டும், அதுவும் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது ஒலிக்கும் பாட்டோடு அந்த வீடே ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டில் இப்போது யாராவது இல்லையென்றால், அதே பாட்டு வலிக்கும். வியட்நாம் போரின் முடிவில், 1975 ஏப்ரல் 29 அன்று, அங்குள்ள சைகோன் நகரை விட்டு வெளியேறச் சொல்லும் ரகசியக் குறியாக அமெரிக்க ராணுவ வானொலி ஒலிபரப்பியது 'வைட் கிறிஸ்துமஸ்' பாட்டைத்தான். அன்று அதைக் கேட்டு மூட்டை கட்டியவர்களுக்கு அந்த மெட்டு எதை நினைவுபடுத்தும்?

(எதிர்ப்பவர்கள் எல்லோரும் சலித்தவர்கள் அல்ல. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் மரபில் டிசம்பர் 24 மாலை வரை, கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம். அதற்குத் தனிப் பாடல்கள் உண்டு. பிறப்புப் பாடல்களை நவம்பரிலேயே ஒலிக்கவிடுவது அவசரம் என்பது அவர்கள் வாதம். மூளை ஸ்கேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இனி அந்தப் பொத்தான். உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் 1960களின் பிற்பகுதியில் சிலரைக் கடுமையான இரைச்சலுக்கு நடுவே வேலை செய்யவைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், வேண்டுமானால் இரைச்சலை நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் அதைத் தொடவே இல்லை. இரைச்சல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பிறகு கொடுத்த புதிர்களில் பொத்தான் வைத்திருந்தவர்கள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். பிழை திருத்தும் வேலையில் குறைவாகவே தவறவிட்டார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்பே பாதிச் சுமையை இறக்கிவிடுகிறது.

சிகாகோவின் 93.9 எஃப்எம் பல ஆண்டுகளாக நவம்பர் தொடக்கத்திலேயே முழுநேரக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மாறிவிடுகிறது. நேயர்கள் குறைவதில்லை, பெருமளவு கூடுகிறார்கள். சலித்தவர் ஸ்டேஷனை மாற்றிக்கொள்ளலாம். கடையில் நிற்கும் ஊழியருக்கு அந்த வசதி இல்லை. வாடிக்கையாளர் அரை மணி நேரத்தில் போய்விடுவார், அவருக்கு அது பின்னணி இசை. ஊழியருக்கு எட்டு மணி நேரமும் அதே பட்டியல்.

கடைக்காரர்கள் பாட்டை விடாததற்கும் காரணம் உண்டு. 1982இல் வெளியான ரொனால்ட் மில்லிமனின் ஆய்வில், சூப்பர் மார்க்கெட்டில் மெதுவான இசை ஒலித்தபோது விற்பனை வேகமான இசை ஒலித்தபோது இருந்ததைவிட 38 சதவீதம் அதிகம். 2005இல் வந்த இன்னோர் ஆய்வு கிறிஸ்துமஸ் வாசனையைக் கடையில் பரப்புவதைப் பற்றியது: கிறிஸ்துமஸ் இசையும் சேர்ந்தால்தான் கடையின் மதிப்பு கூடியது, வாசனையோடு வேறு இசை ஒலித்தால் கூடவில்லை. இரண்டு ஆய்வுகளும் வாங்குகிறவர்கள் பக்கம் நின்று அளந்தவை. பில் போடுகிறவரையும் கணக்கில் சேர்த்தால் செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள்தான்: பட்டியலை நீளமாக்குவது, நடுநடுவே வேறு இசை போடுவது, ஒலியைக் குறைக்கும் குமிழை ஊழியர் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது.