அம்மாவின் ஸ்கேனுக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவே

பெட்-சிடி ஸ்கேன் அறைக்குள் போகும்போது உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்ததால், அம்மா தாலிச் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டார். லிம்போமா எனப்படும் நிணநீர் மண்டலப் புற்றுநோய்க்கு ஆறு சுற்று கீமோ முடிந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. மருந்து வேலை செய்ததா என்பதை இந்த ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். படம் எடுக்க 20 நிமிடம் போதும், ரிப்போர்ட்டுக்கு இரண்டு நாள் ஆகும் என்றார் முன்மேசையில் இருந்தவர். 20 நிமிட வேலைக்கு இரண்டு நாள் எதற்கு என்ற எரிச்சல் எல்லோரையும் போல எனக்கும் வந்தது.

இந்த ஸ்கேனின் அடிப்படை மிகப் பழைய ஒரு கவனிப்பில் இருக்கிறது. புற்றுச் செல்கள் சாதாரண செல்களைவிடப் பல மடங்கு குளுக்கோஸை விழுங்குகின்றன என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்தார். ஆகவே குளுக்கோஸைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு போலிச் சர்க்கரையில் கதிரியக்க ஃபுளோரின்-18 அணுவை ஒட்டவைத்து ஊசியாகப் போடுகிறார்கள். அதன் பெயர் எஃப்டிஜி. செல் அதை உண்மையான சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்து, முதல் நொதியைக் கொண்டு பாஸ்பேட்டையும் மாட்டிவிடுகிறது. ஆனால் அடுத்த படிக்கு அது தகுதியற்றது என்பதால், பறிக்குள் நுழைந்த மீனைப் போல, முன்னேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. ஃபுளோரின்-18 சிதையும்போது வெளிப்படும் பாசிட்ரான் என்னும் எலக்ட்ரானின் எதிர்த்துகள், பக்கத்தில் உள்ள எலக்ட்ரானோடு மோதி அழிந்து, நேர் எதிரெதிர்த் திசைகளில் பாயும் இரண்டு காமாக் கதிர்களாக மாறுகிறது. சுற்றிலும் வளையமாக உள்ள உணர்விகள் அந்த இரண்டையும் ஏறத்தாழ ஒரே கணத்தில் பிடித்தால், அவற்றை இணைக்கும் கோட்டின் மீது எங்கோ அந்த அணு இருந்தது என்று பொருள். இப்படிக் கோடிக்கணக்கான கோடுகளைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, சர்க்கரை எங்கெங்கே குவிந்திருக்கிறது என்னும் வரைபடம் கிடைக்கிறது. கூடவே எடுக்கப்படும் சிடி படம் அந்த இடம் எந்த உறுப்பு என்பதைக் காட்டுகிறது.

ஃபுளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகிவிடும் என்பதால் அதை வாங்கி இருப்பு வைக்க முடியாது. சைக்ளோட்ரான் என்னும் துகள்முடுக்கியில் தயாரித்த மருந்து வண்டியில் வந்து சேர்ந்த பிறகே அன்றைய வரிசை நகரும். ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் பேசாமல், நடக்காமல், எதையும் மெல்லாமல் படுத்திருக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வேலை செய்யும் தசையும் சர்க்கரையை இழுக்கும், பேசிக்கொண்டிருந்தால் தொண்டைத் தசைகள் படத்தில் ஒளிரும். செவிலியர் அம்மாவுக்குக் கழுத்துவரை போர்த்திவிட்ட கம்பளியை அன்பின் அடையாளம் என்றே நான் நினைத்தேன். அன்பும் இருந்திருக்கலாம். ஆனால் குளிரெடுத்தால் கழுத்தின் இரு பக்கமும் உள்ள பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை எரித்து வெப்பம் உண்டாக்கத் தொடங்கும், அது படத்தில் நிணநீர்க் கட்டிகளைப் போல மினுங்கி மருத்துவரைக் குழப்பும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இரண்டு நாள் தேவைப்படுவதன் காரணமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஒளிர்வதெல்லாம் புற்று என்று கொள்ள முடியாது. மூளை எப்போதும் ஒளிரும், சிறுநீர்ப்பை ஒளிரும், இதயமும் பல நேரம் ஒளிரும். காசநோய் ஒளிரும், நம் நாட்டில் எந்த அணுக்கதிர் மருத்துவரும் இதை மறந்துவிட்டுப் படம் பார்க்க முடியாது. அண்மையில் தடுப்பூசி போட்ட கையின் அக்குளும், ஆறிவரும் அறுவைக் காயமும் ஒளிரும். கீமோ முடிந்த உடனே ஸ்கேன் எடுக்காமல் ஆறு முதல் எட்டு வாரம் வரை பொறுப்பதும், மருந்தினால் ஏற்பட்ட அழற்சி அடங்கட்டும் என்பதற்காகத்தான். மருத்துவர் நூற்றுக்கணக்கான வெட்டுப்படங்களை மூன்று கோணங்களில் புரட்டி, பழைய ஸ்கேனைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு புள்ளியும் அப்போது இருந்ததா, சிறுத்ததா, மங்கியதா என்று பார்க்கிறார். முந்தைய ஸ்கேன் வேறு மருத்துவமனையில் எடுக்கப்பட்டிருந்தால் தாளில் உள்ள ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கொண்டுபோக வேண்டும். இந்தக் குறுந்தகடு வீட்டு அலமாரியில் கிடப்பதாலும் தாமதம் வரும்.

லிம்போமாவைப் பொறுத்தவரை, 2009இல் பிரான்சின் டோவில் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த ஐந்து படி அளவுகோல் இன்று பரவலாகப் பயன்படுகிறது. மிச்சமிருக்கும் கட்டியின் ஒளியை அதே நோயாளியின் மார்பு நடுவே உள்ள பெரிய இரத்தக் குழாயோடும் கல்லீரலோடும் ஒப்பிடுகிறார்கள். கல்லீரலைவிட மங்கலாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தால் 1 முதல் 3, அதைவிடப் பிரகாசமாக இருந்தால் 4 அல்லது 5. அம்மாவை அளக்கும் கோல் அம்மாவின் கல்லீரலேதான் என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

இனி, வெளியே நாற்காலியில் இருப்பவரின் மூளைக்கு வருவோம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர் ஒரு கணினி விளையாட்டை ஆடினார்கள். திரையில் தோன்றும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி கிடைக்கும். வியர்வையையும் கண்பாவை விரிவதையும் அளந்தபோது, அதிர்ச்சி உறுதி என்று தெரிந்த வேளையைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்த வேளையில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. பதற்றம் இப்படி நிச்சயமின்மையை ஒட்டி ஏறி இறங்கியவர்கள் பாம்பைச் சரியாக ஊகிப்பதிலும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். அதாவது அந்தப் பதற்றம் தகவலைத் திரட்டுவதற்கான ஒரு கருவி. ஸ்கேனுக்குப் பிந்தைய இரண்டு நாளில் திரட்டத் தகவல் ஒன்றுமே இல்லை என்பதுதான் சிக்கல். ஆனாலும் கருவி நிற்பதில்லை. டெக்னீசியன் ஏன் சிரிக்கவில்லை, ஏன் இன்னொரு தடவை படுக்கச் சொன்னார் என்று கிடைத்ததையெல்லாம் அரைக்கிறது. நான் அவருடைய முகத்தை அப்படித்தான் படித்தேன். படத்துக்கு முடிவு சொல்வது அவருடைய வேலையே இல்லை.

கலிஃபோர்னியாவில் உளவியலாளர் கேட் ஸ்வீனி, வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருப்பவர்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார். பதற்றம் தொடக்கத்திலும் முடிவு வரும் தறுவாயிலும் மிகுந்து, நடுவில் தணிகிறது. ‘நல்லதே நடக்கும்’ என்று தேற்றிக்கொள்வது போன்ற உத்திகள் பெரிதாகப் பலன் தரவில்லை. பதற்றத்தோடு காத்திருந்தவர்களே கெட்ட செய்தியை மற்றவர்களைவிடத் தாங்கிக்கொண்டார்கள். ஆகவே ‘கவலைப்படாதே’ என்று ஃபோன் செய்யும் உறவினர்களுக்கு அறிவியல் ஆதரவு குறைவு என்றே சொல்ல வேண்டும். அவருடைய குழுவினர் கண்ட வேறொன்று பயனுள்ளது: கைக்கும் மனதுக்கும் சற்றே சவாலாக இருந்து, நேரம் போவதே தெரியாமல் மூழ்கவைக்கும் வேலை காத்திருப்பை எளிதாக்குகிறது. எங்கள் வீட்டில் இதை எந்த ஆய்வையும் படிக்காமல் செய்தவர் அப்பா. ஓடாமல் கிடந்த மிக்சியைக் கூடத்தில் செய்தித்தாள் விரித்துப் பிரித்துப்போட்டு, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷைக் கழற்றி, அதே அளவில் புதியது தேடி இரண்டு கடை ஏறி இறங்கி, மறுநாள் மாலைவரை அதிலேயே கிடந்தார். நான் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் இருந்தேன்.

ரிப்போர்ட் இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் வந்தது. மருத்துவரைப் பார்ப்பது மறுநாள் காலையில்தான். இந்த இடைவெளி தனியாகப் பேசப்பட வேண்டிய ஒன்று. அணுக்கதிர் மருத்துவர் எழுதுவது இன்னொரு மருத்துவருக்கு. ‘மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்ற வரி கெட்ட செய்தியை மறைக்கும் திரை என்று எனக்குப் பட்டது, உண்மையில் அது நோயாளியை நேரில் பார்க்காதவர் எழுதும் வழக்கமான வரி. திறக்க வேண்டுமானால் முடிவுரைப் பத்தியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நான் முழுவதும் படித்தேன், நுரையீரல் வேருக்கருகே லேசாக ஒளிரும் ஒரு சிறு கணுவைப் பற்றிய வரியில் சிக்கினேன், விடியும்வரை இணையத்தில் அதையே துழாவினேன்.

காலையில் மருத்துவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார். பழைய ஸ்கேனிலும் அது அப்படியேதான் இருந்தது, ஆறிப்போன ஏதோ பழைய தொற்றின் தழும்பு. கழுத்துக் கட்டிகளுக்கு டோவில் 2, நோய் அடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டேன். அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். நோய் முழுமையாக அடங்கியவர்களுக்கு வழக்கமாக ஸ்கேன் எடுத்துக்கொண்டே போனால், இதுபோன்ற தழும்புகளைத் துரத்தி ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டிவரும், பலன் குறைவு என்று விளக்கினார். அதுவரை பேசாமல் இருந்த அம்மா என் கைப்பையைக் காட்டிக் கேட்டார்:

“அப்போ சங்கிலிய இனிமே கழட்ட வேண்டாமாப்பா?”