பீக்கன்: பெயரும் பயிற்சிக் கருவியும்

விமானம் காணாமல் போனது, படகு கவிழ்ந்தது, பனிச்சரிவில் ஆட்கள் புதைந்தார்கள் என்று எந்தத் தேடுதல் பணியைப் பற்றிப் படித்தாலும் ‘பீக்கன்’ வந்துவிடும். ஆபத்தில் இருப்பவரிடமிருந்து ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி அது. தமிழில் எழுதுபவர்கள் இதைச் சமிக்ஞைக் கருவி, இடங்காட்டி, கலங்கரை விளக்கம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இவற்றில் எது பொருந்தும் என்று பார்க்க, சொல்லின் பிறப்பையும் கருவியின் வேலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் ‘பேயாகன்’ என்றால் அடையாளம், குறி. பிற்பாடு அது மலையுச்சியில் மூட்டும் எச்சரிக்கைத் தீயைக் குறித்தது. 1588-இல் ஸ்பெயினின் போர்க்கப்பல்கள் வந்தபோது இங்கிலாந்தின் தென்கரையில் குன்றுக்குக் குன்று இந்தத் தீயை மூட்டித்தான் செய்தி கடத்தினார்கள். கைகாட்டிக் கூப்பிடுவதைக் குறிக்கும் ‘பெக்கன்’ என்ற ஆங்கில வினையும் இதே வேரில் பிறந்தது.

நம்மிடமும் கூப்பிடும் தீ உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு துறைமுகம் வருகிறது. ஏணி சாத்திய உயர்ந்த மாடம், அதன் மேல் ‘இரவில் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி’, அது ‘உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும்’. ஞெகிழி என்பது கொள்ளி, கரைதல் என்பது அழைத்தல். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறளில் வருவதும் இந்தக் கரைதல்தான். சிலப்பதிகாரத்தின் ‘கலங்கரை விளக்கம்’ கடற்கரையில் நிற்கும் விளக்கு என்று பலர் நினைக்கிறார்கள். கலத்தைக் கரையும், அதாவது கப்பலைக் கூப்பிடும் விளக்கு என்பதுதான் அதன் பொருள். இருந்தாலும் இன்று அந்தச் சொல் லைட்ஹவுஸுக்கு முழுசாகப் போய்விட்டது. சட்டைப் பைக்குள் அடங்கும் ரேடியோ கருவியைக் கலங்கரை விளக்கம் என்று எழுதினால் படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, கருவிக்கு வருவோம். 1972 அக்டோபரில் அலாஸ்காவில் ஒரு சிறு விமானம் மறைந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் முக்கியத் தலைவர் ஹேல் பாக்ஸ் அதில் இருந்தார். 39 நாள் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. சிறு விமானங்களில் அவசர பீக்கனைக் கட்டாயமாக்கும் முயற்சிக்கு இந்தச் சம்பவம் வேகம் கொடுத்தது. அந்தக் கால பீக்கன்கள் 121.5 மெகாஹெர்ட்ஸில் அலறின. உச்சத்திலிருந்து சறுக்கி இறங்கும் ஓசை, நொடிக்கு இரண்டிலிருந்து நான்கு முறை திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவை கேட்டவர் மறக்க மாட்டார்.

அப்புறம் செயற்கைக்கோள் வந்தது. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் பனிப்போருக்கு நடுவிலும் கைகோத்து உருவாக்கிய, ஆபத்து அலைகளைக் கேட்கும் கோஸ்பாஸ்-சார்சாட் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1982-இல் ஏறியது. அதே ஆண்டு கனடாவில் விமான விபத்தில் சிக்கிய மூவரை அது காப்பாற்றிக் கொடுத்தது. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கவனிப்பதில்லை, 406 மெகாஹெர்ட்ஸில் அடையாள எண்ணோடு வரும் டிஜிட்டல் துடிப்பை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. இந்தியாவுக்கு வரும் எச்சரிக்கைகள் பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். நம் மீனவர்களுக்கு இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவியின் செய்தியும் அங்கேதான் போகிறது.

ஆனால் 121.5 சாகவில்லை. ஜி.பி.எஸ். இல்லாத 406 கருவியென்றால் செயற்கைக்கோள் சொல்லும் இடம் சில கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். அந்தக் கடைசிக் கிலோமீட்டர்களைக் காட்டுக்குள் நடந்து கடப்பவர்கள் மனிதர்கள். அவர்களுக்காகவே பெரும்பாலான 406 கருவிகள் 121.5-இலும் மெல்லிய அலை ஒன்றை விடுகின்றன. அதைப் பின்தொடர்வது கைப்பழக்கம். எத்தனை படித்தாலும் வராது, தேடித் தேடித்தான் வரும்.

ஒரு சின்ன உத்தியைச் சொல்கிறேன். திசை காட்டும் ஆன்டெனா இல்லாமல் வெறும் கையடக்க ரிசீவர் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் திரும்பும்போது ஓசை மிகவும் தேய்கிறதோ, அப்போது பீக்கன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உடம்பு அலையை மறைக்கிறது. பக்கத்தில் போகப் போக வேறு தொல்லை. ரிசீவர் திணறிப்போய் எல்லாத் திசையிலும் ஒரே சத்தமாகக் கேட்கும். அப்போது அலைவரிசையை ஐந்து, பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்துக் கேட்க வேண்டும். பாறை, தகரக் கூரை, மின்கம்பி என்று எதில் பட்டும் அலை திரும்பும். எதிரொலியை நம்பித் தவறான பள்ளத்தில் இறங்குவது புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது.

இதையெல்லாம் பழக ஒரு பீக்கன் வேண்டும். உண்மையான பீக்கனை எடுத்து ஒளித்து வைக்க முடியாது. 121.5-ஐ விமானங்களும் கட்டுப்பாட்டுக் கோபுரங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பயிற்சிக்காக அதில் கத்தினால் நிஜ ஆபத்தில் இருப்பவரின் குரல் அமுங்கிவிடும். அமெரிக்காவில் விமானங்களைத் தேடும் தன்னார்வலர்களின் சிவில் ஏர் பட்ரோல் அமைப்பு இதற்கென்றே 121.775 மெகாஹெர்ட்ஸில் பயிற்சி பீக்கன்களை வைத்திருக்கிறது. மற்ற ஊர்களில் இந்த வேலையைக் குறைந்த செலவில் செய்பவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோ அலை அனுப்புபவர்கள். ‘நரி வேட்டை’ என்று அவர்கள் சொல்லும் விளையாட்டில் ஒளித்து வைக்கும் கருவியும் பீக்கன்தான்.

மிக மலிவானது 80 மீட்டர் நீள அலைக்கானது. அலைவரிசையை நிலையாக வைக்கும் 3.579545 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று போதும். அமெரிக்கக் கலர் டிவிக்காகக் கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால் அது கொள்ளை மலிவு. அதோடு எட்டுக் கால் கொண்ட ஏடிடைனி என்ற குட்டிக் கணினிச் சிப், ஒரு டிரான்சிஸ்டர், தேவையற்ற மேல் அலைகளைத் தடுக்கும் சுருள்-மின்தேக்கி வடிகட்டி, ஒன்பது வோல்ட் பேட்டரி, மரத்தில் தொங்கவிடச் சில மீட்டர் கம்பி. எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வடிகட்டியை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. சிப் மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் எழுத்துக்குறியில், கருவியின் பெயரைச் சொல்லும். போட்டிகளில் முதல் கருவிக்கு எம்.ஓ.ஈ., இரண்டாவதுக்கு எம்.ஓ.ஐ., அப்படியே ஐந்து வரை. கடைசி எழுத்தில் எத்தனை புள்ளியோ அத்தனையாவது கருவி. மோர்ஸ் தெரியாத பிள்ளைகளும் எண்ணிச் சொல்லிவிடுவார்கள், எவ்வளவு அழகான ஏற்பாடு!

121.5 போலவே முரண்டு பிடிக்கும் அலை வேண்டுமென்றால் 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போக வேண்டும். மலிவு விலை வாக்கி-டாக்கியின் பேசும் பொத்தானை ஒரு சிப் அழுத்தி அழுத்தி விடுவது போல இணைத்தால் பீக்கன் தயார். தேடுபவருக்கு பி.வி.சி. குழாயில் இரும்பு அளவு நாடாவை வெட்டிக் கட்டிய ஆன்டெனா. புதருக்குள் நுழைந்தால் நாடா வளைந்து கொடுத்து, வெளியே வந்ததும் நிமிரும். இந்த இரண்டு அலையிலும் அனுப்புவதற்கு இந்தியாவில் ஹாம் உரிமம் கட்டாயம்.

இனி பெயர். ‘டிரான்ஸ்மிட்டர்’ லத்தீனில் ‘அக்கரைக்கு அனுப்புவது’. அதற்கு அலைபரப்பி என்ற சொல் வழக்கில் இருக்கிறது, அதை மாற்றத் தேவையில்லை. பீக்கனுக்கு ‘இடங்காட்டி’ எனக்கு ஒப்பவில்லை. ஜி.பி.எஸ். இடத்தைச் சேர்த்தனுப்பும் 406 கருவிக்கு அது பொருந்தலாம். நாம் மரத்தில் கட்டும் கருவி இடத்தைக் காட்டுவதே இல்லை. அது கூப்பிடுகிறது, இடத்தைக் கண்டுபிடிப்பது தேடுபவர் வேலை. காட்டிக் கொடுத்துவிட்டால் பயிற்சி ஏது? ‘சமிக்ஞைக் கருவி’ என்றால் சாலை விளக்கும் அதில் அடங்கிவிடும். பழைய வினையை எடுத்துக் ‘கரைவி’ என்று ஆக்கலாம். கேட்பவர் காதில் உப்புக் கரைவது போல விழும். எனவே என் தேர்வு ‘அழைப்பலைபரப்பி’, சுருக்கமாக ‘அழைப்பி’. பயிற்சிக்கானது ‘பயிற்சி அழைப்பி’, விமானத்தில் இருப்பது ‘அவசர அழைப்பி’. களத்தில் எல்லாரும் பீக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் தவறில்லை.

தமிழ்ப் பெயர் உடனே தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: கருவியின் மூடி. புதருக்குள் கம்பி தொங்க, விளக்கு மின்ன ஒரு பெட்டியைப் பார்த்தால் ஆடு மேய்க்க வந்தவர் பயந்துதான் போவார், போலீஸுக்குச் சொல்வார். அதனால் பெட்டியில் பெரிய எழுத்தில், மழையில் அழியாத மையால் எழுதி ஒட்டுங்கள்: ‘பயிற்சி அழைப்பி (ரேடியோ பீக்கன்). ஆபத்தில்லை. எடுக்க வேண்டாம்.’ கீழே உங்கள் ஹாம் அழைப்புக்குறி, தொலைபேசி எண், எப்போது எடுத்துச் செல்வீர்கள் என்ற தேதி.