'கிஸ் அண்ட் க்ரை': மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் அந்தப் பெஞ்சைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். ஆடி முடித்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு பனித்தளத்தை விட்டு வெளியே வருவார், காலணியின் கத்திக்கு உறை மாட்டுவார், பயிற்சியாளர் அவர் தோளில் ஒரு கோட்டைப் போட்டு அணைத்துக் கூட்டிப்போவார், இருவரும் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்து எதிரே இருக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதிப்பெண் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை கேமரா அவர்கள் முகத்தை விட்டு நகராது. அந்தப் பெஞ்சுக்கும் அதைச் சுற்றியுள்ள இடத்துக்கும் பெயர்தான் 'கிஸ் அண்ட் க்ரை'.

முதல் தடவை வர்ணனையில் கேட்டபோது ஏதோ செல்லப்பெயர் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் விதிகளிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. விதிப்புத்தகத்தில் 'முத்தம்', 'அழுகை' என்ற இரண்டு சொற்கள் ஓர் இடத்தின் பெயராக நிற்பது வேறு எந்த விளையாட்டில் உண்டு?

பெயர் வைத்தவர் யார் என்பதும் தெரியும். ஜேன் எர்க்கோ, ஃபின்லாந்துக்காரர், ஸ்கேட்டிங் நிர்வாகி. 1983இல் உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி ஹெல்சிங்கியில் நடந்தது, அதன் ஏற்பாட்டுக் குழுவில் அவர் இருந்தார். அரங்கை அளந்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொழில்நுட்பக்காரர்கள், ஸ்கேட்டர்கள் காத்திருக்கும் இந்த இடத்துக்கு என்ன பெயர் போடுவது என்று கேட்க, அவர் சொன்ன பதில் இது. அங்கே என்ன நடக்குமோ அதை அப்படியே சொல்லிவிட்டார். 1990களின் தொடக்கத்திலேயே எல்லாரும் சொல்லும் பெயராகிவிட்டது. ஆக, இது நடுவர்களோ வீரர்களோ உண்டாக்கிய சொல் இல்லை. ஒளிபரப்பு கேட்டது, ஒளிபரப்புக்காகப் பிறந்தது. இதை மறக்காமல் இருந்தால் பின்னால் வரும் சண்டைகள் புரியும்.

'க்ரை' என்ற சொல்லையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. முதலில் அதற்குக் கண்ணீர் என்ற பொருளே கிடையாது. கூவுவது, உரக்கக் கத்துவது என்பதுதான் பொருள். அழுவது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டுவாக்கில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்த செய்தி. பெஞ்சில் இருப்பவர் புதிய பொருளில் 'க்ரை' செய்கிறார், கூட்டத்தில் இருக்கும் ரசிகர்கள் பழைய பொருளில் செய்கிறார்கள்.

அந்தக் கத்தல் எப்படி இருக்கும் என்பதற்கு 2002 சால்ட் லேக் சிட்டியை விட நல்ல உதாரணம் இல்லை. ஜோடிகள் பிரிவு. ரஷ்யாவின் எலெனா பெரெஷ்னயாவும் அன்டோன் சிகருலிட்ஸேயும் முதலில் ஆடினார்கள், சிகருலிட்ஸே ஒரு தாவலில் தரையிறங்கும்போது லேசாகத் தடுமாறினார். அப்புறம் கனடாவின் ஜேமி சாலேயும் டேவிட் பெல்ட்டியேயும் பிழையில்லாமல் ஆடி முடித்தார்கள். அரங்கமே 'சிக்ஸ், சிக்ஸ்' என்று கத்தியது, அன்று உச்ச மதிப்பெண் 6.0. மதிப்பெண் வந்தது, ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ரஷ்ய ஜோடிக்கு, நான்கு பேர் கனடா ஜோடிக்கு. கூட்டம் கூச்சல் போட்டது. பிரெஞ்சு நடுவர் தனக்கு வந்த அழுத்தத்தைப் பற்றிப் பேச, விவகாரம் பெரிதாகி, சில நாட்களில் கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்தார்கள். ரஷ்ய ஜோடியின் தங்கம் அவர்களிடமே இருந்தது. 6.0 முறையும் அதோடு போனது. 2006 தூரின் ஒலிம்பிக்ஸில் ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் தனித்தனியாக எண் போடும் புதிய முறை வந்துவிட்டது.

புதிய முறை பெஞ்சில் உட்காரும் நேரத்தையும் மாற்றியது. தாவலில் முழுச் சுற்று வந்ததா, கத்தியின் சரியான விளிம்பில் எழும்பினாரா என்று தொழில்நுட்பக் குழு வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்கும். நடுவர்கள் ஒவ்வொரு அசைவின் தரத்துக்கும் இப்போது −5 முதல் +5 வரை போடுகிறார்கள், மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு சராசரி எடுக்கிறார்கள். அதற்குள் வீட்டில் இருக்கும் ரசிகரும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாதபோதுதான் கோபம் வருகிறது.

2014 சோச்சியில் அதுதான் நடந்தது. பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவாவுக்கு 224.59, வெள்ளி வென்ற தென் கொரியாவின் யூனா கிம்முக்கு 219.11. மறு ஆய்வு கேட்டு இணையத்தில் தொடங்கிய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. சோட்னிகோவா செய்த தாவல்களின் கடினம் அதிகம் என்று ஒரு பக்கம் வாதாடியது, கிம்மின் நடையழகுக்கு உரிய எண் கிடைக்கவில்லை என்றது இன்னொரு பக்கம். என் வருத்தம் வேறு: எந்த எண்ணை எந்த நடுவர் போட்டார் என்று அப்போது வெளியே சொல்ல மாட்டார்கள். யாரிடம் கேள்வி கேட்பது என்றே தெரியாத கோபம் அது. 2016இல்தான் அந்த மறைப்பை எடுத்தார்கள், அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

2022 பெய்ஜிங் வேறு மாதிரி. அங்கே ரசிகர்களின் கோபம் ஒளிபரப்பின் மீதும் திரும்பியது. ரஷ்யாவின் பதினைந்து வயது கமீலா வலியேவா, ஊக்கமருந்து வழக்கு தலைக்கு மேல் தொங்க, மீண்டும் மீண்டும் விழுந்து நான்காம் இடத்துக்குப் போனார். வெளியே வந்ததும் பயிற்சியாளர் ஏன் போராடாமல் விட்டாய் என்று கேட்டது மைக்கில் விழுந்தது. பெஞ்சில் அந்தப் பெண் முகத்தை மூடி அழுததை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளி வென்ற அலெக்ஸாண்ட்ரா துருசோவா ஒரு பக்கம் கதறினார், தங்கம் வென்ற அன்னா ஷெர்பகோவா தனியாக நின்றிருந்தார். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அப்போதைய தலைவர் தாமஸ் பாக், அந்தக் குழந்தையை அவரைச் சேர்ந்தவர்களே வரவேற்ற விதம் உறைய வைத்தது என்று மறுநாள் சொன்னார். அந்த இடத்தில் கேமரா திரும்பியிருக்க வேண்டும் என்று எழுதியவர்கள் பக்கம்தான் நான். அன்று அங்கே முத்தம் இல்லை, அழுகை மட்டும் இருந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். பிற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜப்பானியர் அப்படியே எடுத்து 'கிசுகுரா' என்று சுருக்கிவிட்டார்கள். கொரியர்களும் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொண்டார்கள், 2011இல் யூனா கிம் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கே அந்தப் பெயர்தான். ரஷ்யர்கள் முத்தமும் கண்ணீரும் சேர்ந்த மூலை என்று தம் மொழியில் சொல்கிறார்கள்.

நாம் 'மதிப்பெண் காத்திருப்புப் பகுதி' என்று எழுதலாம். தப்பில்லை, ஆனால் பேருந்து நிலையத்தில் தொங்கும் பலகை மாதிரி இருக்கிறது. இடம் எதற்கு என்று சொல்கிறது, அங்கே உட்கார்ந்தவருக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லவில்லை. எர்க்கோ சொன்னதன் உயிரே அதில்தான்.

'முத்தமும் அழுகையும்' என்றால்? சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தமிழில் முத்தம் என்றதும் மனம் காதலர் பக்கம் போய்விடும். அந்தப் பெஞ்சில் நடப்பது அது இல்லை. பயிற்சியாளர் மாணவியின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிடுவது, நம் வழக்கில் உச்சி முகர்வது. பெரியவர் பிள்ளையின் உச்சந்தலையில் முகம் பதிப்பதற்கு நம்மிடம் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது, இங்கே 'கிஸ்' என்பதன் உண்மையான பொருள் அதுதான். ஆனாலும் 'உச்சி முகர்ந்து அழும் இடம்' என்று செய்தியில் எழுத முடியாது, நீளம். 'கட்டியழும் இடம்' என்றால் சாவு வீடு நினைவுக்கு வரும், வேண்டவே வேண்டாம்.

என் தேர்வு 'களிப்பும் கண்ணீரும்'. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன, காதில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழிலும் க-வுக்கு க, மோனை தானாக அமைகிறது. 'களிகண்ணீர்' என்று சுருக்கலாமா என்று யோசித்தேன். இலக்கணப்படி முடியும், உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது, 'இரவுபகல்' மாதிரி. ஆனால் யாராவது பழக்கத்தில் ஒரு 'க்' சேர்த்து 'களிக்கண்ணீர்' என்று எழுதிவிட்டால் ஆனந்தக் கண்ணீர் என்று பொருள் மாறிப்போகும், தோற்றவரின் அழுகைக்கு அதில் இடமில்லை. போதாததற்குத் திருவாதிரைக் களி வேறு ஞாபகத்துக்கு வரும். ஆகவே இரண்டு 'உம்'மையும் விடக் கூடாது.

அடுத்து, இடத்தைக் குறிக்க என்ன சொல்? ரஷ்யர்களைப் போல மூலை என்று சொல்லலாம்தான். ஆனால் தமிழில் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றால் யாரும் பார்க்காத இடத்தில் அழுவது. இந்தப் பெஞ்சோ எல்லாரும் பார்க்கவென்றே போட்டது. எனக்குத் திண்ணைதான் பொருத்தமாகப் படுகிறது: உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், வீட்டு ஆள் உட்கார்ந்திருக்க, தெருவே பார்த்துக்கொண்டு போகும் இடம். முதல் தடவை 'களிப்பும் கண்ணீரும் திண்ணை' என்று எழுதி, பக்கத்திலேயே கிஸ் அண்ட் க்ரை என்றும் போட்டுவிட்டால், அடுத்த வரியிலிருந்து வெறும் 'திண்ணை' போதும். 'சாலேயும் பெல்ட்டியேயும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள், எண் வந்தது, அரங்கம் கத்தியது' என்று எழுதிப் பார்த்தேன், இடறாமல் ஓடுகிறது.